மொதல்ல கம்ப்யூட்டர், அப்பால ரேடியோ

ஹலோ... ஆங், மங்கைதான். சொல்லுங்க செக்ரட்டரி சார்... இருங்க, இருங்க. நீங்க சொல்றதுக்கு முன்ன நான் ஒண்ணு சொல்லிர்றேன். இன்னிக்கு மைக் எனக்கு வேணும்.

மைக்கு சார். பேசற மைக்கு.

ஆமா, தெரியும். எத வேணா கேளு, அத மட்டும் கேக்காதன்னு கிளப்ல சேந்த அன்னிக்கே சொல்லிட்டீங்க. நானும் கேக்காமதான் இருந்தேன். இப்ப கேக்கறேன்...

ஆமா... ஆமா சார்... கலெக்டரேட் ஆபிசர் உங்க எதிர்லயே உக்காந்து இருக்காரு, அது எனக்குத் தெரியாதா? திருப்பதில அவரு உக்காந்து இருக்காரு. இங்க சித்தூர்ல ஹால் நெறய காலேஜ் பசங்க உக்காந்துக்கினு இருக்காங்க. புயல் வந்து போன் டவரெல்லாம் படுத்துக்கினா ஹாம் ரேடியோல எப்படி சேதி அனுப்பறதுன்னு காட்டணும். நீங்க அங்கிருந்து கூப்புடணும், நாங்க இங்கிருந்து பதில் சொல்லணும். நோட்டீஸ் அடிச்சவளே நான்தான். எனக்கே படிச்சிக் காட்டறீங்களா...

இல்ல, கோவமெல்லாம் இல்ல. நிதானமாத்தான் பேசறேன். நீங்கதான் குசுகுசுன்னு பேசறீங்க. ஆபிசர் காதுல விழுந்துரும்னு பயமா? வெளிய வராண்டாவுக்கு வந்து பேசுங்க, நான் இருக்கேன்... வந்துட்டீங்களா? சரி. இப்ப சொல்லுங்க, ரேடியோ இன்னா பண்ணுது?

ம்... ம்... செவப்பு லைட்டு எரியுது. அணைய மாட்டேங்குது... ம்... தொட்டா சுடுது. அப்பால அதுவே நின்னுப் போச்சி. மறுபடி போட்டா மறுபடி செவப்பு லைட்டு... ம். நீங்க கூப்பிட்டா நாங்க பதில் சொல்லலியா? எப்படி சார் சொல்றது? நீங்க வாய மூடினாத்தானே நாங்க பேச முடியும்.

ஒண்ணுமில்ல. அத அப்பால சொல்றேன்.

எனக்குத் தெரியும் சார், அது ஏன் அப்படி ஆச்சின்னு. எப்படி சரி பண்றதுன்னும் தெரியும். ஒரு நிமிச வேல. சொல்றதுக்கு முன்ன நீங்க ஒண்ணு பண்ணணும். ஆபிசர் முன்னாடி நின்னு, அந்த கம்ப்யூட்டர்ல ரேடியோவ ஓட்டற சாப்ட்வேரத் தேடிப் புடிச்சி ஒக்கார வெச்சது அலர்மேல்மங்கைன்னு முழுப் பேரச் சொல்லணும். அப்பால சித்தூர்ல இருந்து அந்தப் பொண்ணுதான் பேசப் போவுதுன்னு சொல்லணும். அவ்ளோதான்...

ஏன் சார், நாக்கு சுளுக்கிக்குமா?

இல்ல, அது பழைய கத. பொம்பள குரல் வந்தா ஊர்ல இருக்கறவன்லாம் வந்து வழிவான், கிளப்புக்கு கெட்ட பேரு. மூணு வருசமா இதையே கேட்டுக்கினு இருக்கேன். வழியறவன விட்டுட்டு என் வாயத் தெச்சீங்க. பரீட்ச எழுதி லைசென்ஸ் வாங்கினது நானு. மைக்ல உக்காந்து இருக்கறது உங்க அக்கா மவன் யஸ்வந்த்து. அவன் எப்ப பரீட்ச எழுதினான்...

அடுத்த தரம் எழுதுவான். சரி. போன தரமும் அடுத்த தரம்தான் எழுதறதா இருந்தான்.

யஸ்வந்த்துகிட்ட போனக் குடுக்கணுமா? தாராளமா. எதிர்லயேதான் உக்காந்து இருக்கான், சட்டைய டக் பண்ணிக்கினு. இருங்க, நானே கேக்கறேன்... யஸ்வந்த்து, உங்க மாமா போன்ல இருக்காரு. அங்க ரேடியோ தானா டிரான்ஸ்மிட் ஆவுதாம். எந்த செட்டிங்க மாத்தணும்னு கேக்கறாரு. சொல்லு... சொல்லுப்பா, ஹால்ல எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க.

சார், அவன் தலயே தூக்கல. தண்ணி குடிக்கறான்.

சாப்ட்வேர் போடறது ஒண்ணும் பெரிய வேல இல்லியா? சரி. நெட்ல இருந்து எறக்கறதுதானே? சரி, எறக்குங்க. இப்பவே எறக்குங்க, பாத்துக்கினு இருக்கேன். எத எறக்குவீங்க? பேரு சொல்லுங்க... தெரியல. அந்த ரேடியோப் பொட்டிய பெங்களூர்ல யாரோ பரண்ல போட்டு வெச்சி, தூக்கிப் போட மனசு வராம நமக்குக் குடுத்தாங்க. கூட வந்த சிடி பழைய விண்டோஸத்தான் கேக்குது. புது கம்ப்யூட்டர் அத உள்ளயே விடல. அப்பால நான் ஒவ்வொண்ணா தேடினேன். ஒரு சாப்ட்வேர் ரேடியோ எந்த பிரீக்வென்சில இருக்குதுன்னு காட்டிச்சி, மாத்துன்னா மாத்தல. இன்னொண்ணு மாத்திச்சி, எங்க மாத்திச்சின்னு சொல்லல. வேற ஒண்ணுல நம்ம ரேடியோ பேரே இல்ல, அதே கம்பெனில வந்த அதோட அண்ணன் பேரு இருந்துது. அண்ணன் பாஷைல பேசினா தம்பிக்குப் புரியாதான்னு பாத்தேன், பாதி புரிஞ்சிது...

இல்ல சார், இப்ப டைம் இருக்குது. கேளுங்க. கேபிளு டூப்ளிகேட்டு. வேற வாங்கிக் குடுத்தீங்களா, இல்ல. எஸ்வி யூனிவர்சிட்டி பக்கம் ஒரு கடைல கெஞ்சி மாத்தினேன். அப்பவும் ரேடியோ ஒரு வேகத்துல பேசுது, கம்ப்யூட்டர் ஒரு வேகத்துல கேக்குது. பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கினு சண்ட போட்ட புருசன் பொண்டாட்டி மாதிரி மூஞ்சக் கூட பாக்கல ரெண்டும். ரேடியோ மெனுவுக்கு உள்ள, அதுக்கும் உள்ள போயி வேகத்த சமம் பண்ணினேன். ஒரு மத்தியானம் மவுஸ தட்டறேன், பொட்டில நம்பர் தானா ஓடுது. அந்த ரூம்ல யாருமே இல்ல. ஓடிக் கீழ வந்து உங்ககிட்ட சொன்னேன். அன்னிக்கு இன்னா சொன்னீங்க, ஞாபகம் இருக்குதா?

"நல்லதும்மா, யஸ்வந்த்துக்குக் காட்டிக் குடுத்துரு."

காட்டிக் குடுத்தேன். அடுத்த வாரம் கிளப் வாட்சப்ல வருது, நம்ம யஸ்வந்த் கம்ப்யூட்டர் மூலமா ரேடியோவ இயக்கற வசதிய உண்டாக்கினான்னு. கீழ நாப்பது பேரு கை தட்டற பொம்ம. நானும் ஒண்ணு போட்டேன் சார். வெக்கம் கெட்டுப் போயி நானும் ஒண்ணு போட்டேன்.

யஸ்வந்த்து பண்ணினான்னு நீங்க சொன்னதே இல்லியா? எங்கயும் சொன்னதில்லியா? ஆபிசர்கிட்ட கூட? சத்தியமா?

சரி. இங்கிருந்து காணிப்பாக்கம் அர மணி நேரம். குளத்துல முழுக்குப் போட்டுட்டு, ஈரத் துணியோட பிள்ளையார் முன்ன நின்னு அதையே சொல்லுவீங்களா? பொய் சத்தியம் பண்ணினவன பிள்ளையார் சும்மா விட மாட்டாருன்னு உங்க வீட்லயும் சொல்லி இருப்பாங்களே... நானும் வரேன். எனக்கு முழுகறதுக்கு பயமில்ல.

பேச்ச மாத்தாதீங்க... சரி, ரேடியோவுக்கே வருவோம். இன்னிக்குக் காலைல எத மொதல்ல ஆன் பண்ணீங்க?

ரேடியோவ. ஆபிசர் கையால. நெனச்சேன்.

நான் இன்னா சொல்லி இருந்தேன்? மொதல்ல கம்ப்யூட்டர், அது முழுசா எழுந்து உக்காந்த அப்பால ரேடியோ. ஸ்விட்சு பக்கத்துல செவப்பு எழுத்துல ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருந்தேனே, எங்க அது... ஓ. குங்குமம் வெக்க எடம் வேணும்னு பிச்சிட்டீங்க. நல்லா இருக்குது. ரேடியோதான் பெரிசு, மொத மரியாத அதுக்குத்தான், கம்ப்யூட்டர் நேத்து வந்ததுன்னு யாரு சொன்னது, நீங்களா? பூ வெச்சி, பொட்டு வெச்சி, ரேடியோவப் போட்டு, அப்பால கம்ப்யூட்டரப் போட்டீங்க. சார், அந்த கம்ப்யூட்டர் கண்ணு முழிக்கும்போது கேபிள்ல ஒரு ஒதறு ஒதறும். ரேடியோ முன்னயே முழிச்சிக்கினு இருந்துதுன்னா, எவனோ மைக்க அழுத்திட்டான்னு நெனச்சிக்கும். ஒடனே டிரான்ஸ்மிட்டு. செவப்பு லைட்டு அதான். அது எரியற வரைக்கும் மைக்க யாரும் அழுத்தத் தேவயில்ல, பக்கத்துல நின்னு தும்மினாலும் வெளிய போவும்.

வெளியன்னா வெளிய. காத்துல.

இப்ப புரியுதா... இல்ல? மெதுவாவே சொல்றேன். அந்த லைட்டு எரிஞ்ச நேரத்துல நீங்க அந்த டேபிள் பக்கத்துல பேசினது எல்லாம் இங்க ஸ்பீக்கர்ல வந்துது சார்.

எல்லாமும்.

மணி அடிச்சீங்க, கேட்டுது. தேங்கா ஒடச்சீங்க, நல்லா ஒடஞ்சிது. செவப்பு லைட்டு எரியுது சார், சாமியே சம்மதம் குடுத்துருச்சின்னு யாரோ சொன்னாங்க, பசங்க சிரிச்சாங்க. அப்பால ஆபிசர் கேட்டாரு, இத யாரு பண்ணினதுன்னு. நீங்க சொன்னீங்க, எங்க அக்கா பையன்னு. சித்தூர்ல ஒரு பொண்ணு இருக்குதாமேன்னு அவரு கேட்டாரு. அப்ப சொன்னீங்களே தெலுங்குல. "ஆ அம்மாயா? வயர்லு பட்டுகோடானிகி வச்சிந்தி." அந்தப் பொண்ணா, ஒயரு புடிக்க வந்துது. தெலுங்குல சொன்னா தப்பு கொறஞ்சிருமா சார்? இந்த ஜில்லாவுல எவனுக்குத் தெலுங்கு தெரியாது?

அதோட நிறுத்தல. "அவங்க வீட்ல மொத டிகிரி சார், அதான் கொஞ்சம் துள்ளுது. நாமதான் தட்டி வெக்கணும்." இத தமிழ்லயே சொன்னீங்க...





யாரு யாரு கேட்டாங்களா? இந்த ஹால்ல இருக்கற எல்லாரும். கன்னிகா மேடம், இந்தக் காலேஜ் லெக்சரரு, அவங்கதான் ஸ்பீக்கர் சத்தத்தக் கூட்டினாங்க. குப்பம் டவுன்ல வேதாச்சலம் சாரு, அவரும் ஹாம்காரரு, இந்த டெமோவக் கேக்கறதுக்குன்னே லீவு போட்டவரு. மெட்ராஸ்ல யாரு யாரு கேட்டாங்களோ. உங்க அக்கா மவனும் கேட்டான், அதனாலதான் தண்ணி குடிச்சிக்கினே இருக்கான்.

இன்னும் ஒருத்தரு இருக்காரு. எங்க நைனா.

நகரிக்கு அந்தாண்ட எங்க கொல்லைல, நெலத்துல. ஒரு ரிசீவர் நானே பாகம் பாகமா வாங்கிச் சேத்து வெச்சிக் குடுத்துட்டு வந்தேன். நைனா, பதினோரு மணிக்கு நம்ம கிளப்பு பேசும், போட்டுக் கேளுன்னு. வேர்க்கல்லச் செடிக்குத் தண்ணி கட்டறத நிறுத்திட்டு மோட்டார் கொட்டாய்ல உக்காந்து கேட்டுக்கினு இருந்திருக்காரு. மூணு வருசமா அவரு இன்னா நெனச்சிக்கினு இருந்தாரு தெரியுமா? நான்தான் ரேடியோல பேசறேன்னு. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காரு, எம் பொண்ணு பேசினா சிலோன் வரைக்கும் கேக்கும்னு. நானும் இல்லன்னு சொல்லல. எப்படிச் சொல்றது. உங்களுக்கு முன்ன அவருதான் சார் எனக்குப் போன் பண்ணினாரு. "ஒயரு புடிக்கவாமா அம்மாந் தூரம் போற"ன்னு கேட்டாரு. திட்டலாம் இல்ல. சும்மா கேட்டாரு.

இல்ல. மன்னிப்பு போன்ல வேணாம். வராண்டாவுல நின்னுக்கினு, ஆபிசருக்குக் கேக்காம, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி மன்னிப்பு எனக்கு எதுக்கு? காத்துல சொன்னத காத்துலதான் திருப்பிச் சொல்லணும்...

முடியாது... ஏன் முடியாது?... ம்... உங்க மானம். ஆபிசர் இன்னா நெனப்பாரு. ம்... இன்னிக்கி இது நல்லபடியா நடந்தா கலெக்டரேட்ல ரேடியோ ரூம் கிளப்புக்கு வரும். யஸ்வந்த்துக்கு அங்க வேல... ஓ. அது இப்பதான் வெளிய வருது. அதுக்குத்தான் நான் ஒயரு புடிக்கறவளா?

எனக்கும் பாத்து செய்வீங்களா? எதுல, அங்கயும் ஒயரு புடிக்கவா...

ஹா, மெரட்டறீங்களா. கிளப்ப விட்டு எடுத்துருவீங்க. எடுங்க. லைசென்ஸ கேன்சல் பண்ண வெப்பீங்க. எப்படி? அது டில்லில குடுத்தது, நீங்க கிளப்ல குடுத்த மெம்பர் கார்டு இல்ல. இன்னொண்ணு நீங்களே மறந்துட்டீங்க. கிளப் லைசென்ஸு திருப்பதி அட்ரஸ்ல இருக்குது. சித்தூர்ல இருந்து போற ஒவ்வொரு வார்த்தையும் என் கால் சைன்ல போவுது, சர்க்கார் எனக்குன்னு குடுத்த ரேடியோ பேர்ல, என் லைசென்ஸ்ல. நான் பக்கத்துல உக்காந்து இருந்தாத்தான் உங்க அக்கா மவன் வாயத் தொறக்கலாம்...

அட, இப்ப மைக்கத் தரேன்றீங்க. முழுசா. யஸ்வந்த்த எழுப்பிட்டு உக்காரச் சொல்றீங்க. பேரு?... பேரு அப்பால பாத்துக்கலாம். கிளப் மீட்டிங்ல. சரி சரி.

கேக்கும்போது குடுத்திருந்தா வாங்கி இருப்பேன் சார். போன எடுத்த ஒடனே சரின்னு சொல்லி இருந்தா கூட ஒரு வேள உக்காந்திருப்பேன். இல்ல, உக்காந்திருக்க மாட்டேன். பொய் சொல்ல வேணாம். நைனா போன வெச்சப்பவே முடிவு பண்ணிட்டேன். உங்க போன் வரும்போது என் லேப்டாப்ப மூடி பையில வெச்சிட்டுத்தான் எடுத்தேன். நீங்க இன்னா சொல்வீங்கன்னு பாக்க ஆசயா இருந்துது, அதான் கேட்டேன்.

ஐய, உங்க மானம் ஒடிஞ்சி போச்சா? ஒடிஞ்சது கையா காலா இருந்தா எங்க புத்தூர்ல கட்டு போட்டுருவாங்க. இதுக்கு எந்தூரு கட்டும் கெடையாது.

இருங்க, போன வெக்காதீங்க. ரேடியோவ சரி பண்ணிக்கினு போங்க... ஆமா, சொல்றேன். சும்மாவே சொல்றேன். எழுதிக்க வேணாம், சின்ன விசயம். ரெண்டையும் அணைங்க. உள்ள போங்க, நான் லைன்லயே இருக்கேன்... அணைச்சிட்டீங்களா? பேன் வெச்சி காத்து குடுங்க கொஞ்சம், பாவம் அது இன்னா பண்ணும். இப்ப கம்ப்யூட்டர மட்டும் போடுங்க. மட்டும். பூவெல்லாம் அப்பால வெக்கலாம்... வந்துச்சா? சாப்ட்வேரத் தொறங்க. தொறந்துதா... நல்லது. இப்ப ரேடியோ. போடுங்க.

செவப்பு லைட்டு எரியல இல்ல? மவுஸத் தட்டுங்க... நம்பர் ஓடுதா... ஓடுது. ஆபிசர் பாக்கறாரா? நல்லா பாக்கட்டும்.

தேங்ஸ் எதுக்கு? உங்களுக்காகப் பண்ணல. ரேடியோ கெட்டுப் போச்சி, சிக்னல் வரல, மலை மறைக்குதுன்னு சொல்லி நீங்க தப்பிச்சிக்கக் கூடாது. அதுக்குத்தான். இப்ப எல்லாம் சுத்தமா வேல செய்யுது. கம்ப்யூட்டர் வேல செய்யுது, ரேடியோ வேல செய்யுது, ஆன்டெனா வேல செய்யுது. கூப்புடுங்க.

கூப்புடுங்க சார், சித்தூர. ஆபிசர் காத்துக்கினு இருக்காரு.

யாரு பதில் சொல்லுவாங்களா? யாருமில்ல. நான் கெளம்பறேன். என் லைசென்ஸும் என் கூட கெளம்புது. அது செவுத்துல மாட்டற காலண்டரு இல்ல, நான் எங்க இருக்கேனோ அங்கதான் அது... யஸ்வந்த்து, மைக்கக் கீழ வெய்யி. லைசென்ஸ் இல்லாம பேசினா குத்தம், நான் அதையெல்லாம் படிச்சிப் பாஸ் பண்ணினவ... ஆங், வெச்சிட்டான் சார். நல்ல புள்ள.

பசங்களுக்கு இன்னா சொல்றதா? நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நைனா போன வெச்ச ஒடனே கன்னிகா மேடத்துகிட்ட கேட்டுட்டேன். ஸ்பீக்கர் அணைக்க மாட்டாங்க. பேசத்தான் சார் லைசென்ஸ் வேணும், கேக்கறதுக்கு வேணாம். இங்க ஹால்ல கேப்பாங்க, குப்பத்துல கேப்பாங்க. எங்க நைனாவும் இன்னும் அணைக்கல. நீங்க எத்தன தரம் கூப்பிட்டாலும் எல்லாரும் நல்லா கேப்பாங்க.

எங்க போறேனா? ஊட்டுக்கு. மோட்டார் கொட்டாய்க்கும் வேப்ப மரத்துக்கும் நடுவுல நைனா கம்பி கட்டிக்கினு இருக்காரு. பேசறதுக்கு ஒரு பழைய செட்டு குடுத்து அனுப்பறேன்னு வேதாச்சலம் சாரும் போன்ல சொல்லிட்டாரு. அதுக்கும் சாப்ட்வேர் தேடணும். தேடிக்கறேன், எனக்கு வழி தெரியும்...

அழாதீங்க சார், ஆபிசர் பாக்கப் போறாரு.

மேடம், வரேன். பையக் குடு தம்பி... ஆங், ஸ்பீக்கர்ல வந்துட்டீங்க சார். "சித்தூர், சித்தூர்"னு கூப்பிடறீங்க. ஒரு பக்கம் போன்ல வரீங்க, ஒரு பக்கம் ஹால்ல வரீங்க. பசங்க யாரும் அசையல. நல்லா தெளிவா கேக்குது. அந்த ஆடியோவ கூட நான்தான் சரி பண்ணி வெச்சேன்...

இல்ல, திரும்பலாம் மாட்டேன். படி எறங்கிட்டேன். கேட்டுகிட்ட வந்துட்டேன், நகரி பஸ்ஸு நிக்குது. நீங்க கூப்புடுங்க. நிறுத்தாதீங்க. நான் வெக்கறேன்.